பலகையில் நான் குத்திய பட்டியல்

நெருக்கடி நிலைக் காலம். பெரம்பலூரில் ஒரு சின்ன நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். ஒருநாள் மேலிடத்திலிருந்து தாள் ஒன்று வந்தது. பதினோரு புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டி அனுப்ப வேண்டுமாம். ஏன், எதற்கு என்று ஒரு வரி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் சொல்லக்கூடவா வாய் வலிக்கும்?

எந்தத் தாள் வந்தாலும் வாசல் அறிவிப்புப் பலகையில் குத்துவது எங்கள் வழக்கம். இதையும் குத்தினேன். வழக்கம் பாதி, வீம்பு பாதி. எதை மறைக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியட்டுமே! தெரியத்தான் செய்தது. தினத்தாளைத் தவிர எதையும் தொடாதவர்கள்கூட வந்து, "அந்தப் பதினொன்னுல ஒன்னு குடுங்களேன்" என்று பல்லைக் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, மடச்சி.

பத்துப் புத்தகங்கள்தான் அலமாரியில் இருந்தன. மீதி ஒன்றை, சனிக்கிழமைதோறும் பாடாலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் எடுத்துப் போயிருந்தாள். ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வயலில் கூலி வேலை. அந்த வீட்டில் முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போகக் காத்திருந்தவள் அவள்.

அடுத்த வாரம் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். "பதினோராவது யாருகிட்ட இருக்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

யார் எதை எடுத்தார்கள் என்று எழுதும் பதிவேடு என் முழங்கைக்கு அடியில் கிடந்தது. அவள் பெயர் வெளியே போனால் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு.

"செல்லரிச்சுப் போச்சு சார். தூக்கிப் போட்டுட்டோம்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் பதிவேட்டை எடுத்துப் பூட்டி வைத்தேன்.

சனிக்கிழமை அவள் வந்ததும் ஓரமாக அழைத்துப் போய், "அந்தப் புத்தகத்த நீயே வச்சுக்க. இனிமே ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போன வாரமே பலகையில பாத்துட்டேன்க்கா. உள்ள வரப் பயந்துகிட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். வூட்டுக்குப் போன ஒடனே அடுப்புல வச்சுட்டேன்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மேலிடம்கூடக் கட்டி அனுப்பத்தான் சொன்னது. கொளுத்த வைத்தவள் நான்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "படிக்க இன்னும் முப்பது பக்கம் இருந்துச்சு. கடைசியில அந்தப் பொம்பளைக்கு என்னக்கா ஆச்சு?"

அதில் ஒரு பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை.