கைதட்டலை நிறுத்தியவர்

"அத்தா மவுத்தாயிட்டாங்க டீச்சர்" என்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து சாதிக் சாரின் மகன் போனில் சொன்னபோது, நான் குரும்பலூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியில் உயிர் போய்விட்டதாம். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனிதரின் தாடை ஏன் கோணிப்போனது என்பதை மறந்துவிட்டு, 'நல்ல இங்கிலீஷ் வாத்தியார்' என்று மட்டும் போஸ்டர் ஒட்டுவார்கள் என்று தெரியும். அப்படியே ஒட்டினார்கள். அதனால் அவரோடு பழகிய நான் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு கல்லூரி சர்வதேசக் கல்வி மாநாடு நடத்தியது. வெளிநாட்டு விருந்தினர்கள் அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்ல அவர்களுக்கு வாயும் காதும் சாதிக் சார்தான். நான் உணவுக் குழுவில் இருந்தேன். காலையில் பேசிய வெள்ளைக்கார அம்மாள், முந்தின நாள் பார்த்த ஒரு பள்ளியில் பிள்ளைகளின் கெண்டைக்காலில் பிரம்படித் தடிப்பைக் கண்டதாகச் சொன்னார். முன்வரிசையிலிருந்து கல்லூரித் தாளாளர், அதை விட்டுவிடும்படி கையைக் காட்டினார். சார் விடவில்லை. தடிப்பு, வீக்கம், கன்றிய ரத்தம் எல்லாம் தமிழில் வந்தது. எதுக்கு சார் வம்பு என்று சாப்பாட்டு வேளையில் கேட்டேன்.

"அந்தம்மா பாத்ததைப் பாக்கலேன்னு சொல்ல எனக்கு யாரு உரிமை குடுத்தா?" என்றார்.

மாலை விருந்துக்கு முன் புல்தரையில் சிலம்பாட்டம். ஆடியவர்களில் ஒருவர் முருகேசன், எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். எதிரே நின்றவன், அந்த வருஷத் திருவிழாவில் ஊர் பார்க்க அவரிடம் தோற்றவன். இருவரையும் ஜோடி சேர்த்த புண்ணியவானுக்கு அது தெரியாது. முதலில் ஒழுங்காகத்தான் ஆடினார்கள். பிறகு முருகேசனின் கம்பு கைநழுவி விழுந்தது. முறைப்படி ஆட்டம் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தோளில் ஓர் அடி, காதோரம் ஓர் அடி. முட்டிபோட்டு விழுந்தவரின் உச்சந்தலையில் அடுத்தது. ரத்தம் வேட்டியை நனைக்க, விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடப் பாவமே, அதை நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். தட்டத் தட்ட அவனுக்கு வெறி ஏறியது.

"ஒன்னக் கொல்லாம இன்னிக்கு வூட்டுக்குப் போவமாட்டன்டா" என்று கத்தினான்.

என்ன சொல்கிறான் என்று அந்த அம்மாள் சாரிடம் கேட்டார். தாளாளர் சாரின் காதருகே குனிந்தார். வடைத் தட்டோடு பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "மானம் போவுது சார். வீரவசனம்னு சொல்லிடுங்க. நம்ம ஆளுங்க புடிச்சிடுவாங்க."

சார் மைக்கை எடுத்தார். விழுந்தவரைக் கொல்லப்போவதாகச் சொல்கிறான், இது ஆட்டமில்லை, தயவுசெய்து கைதட்டாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கைதட்டல் சட்டென்று நின்றது. மைக்கோடு ஓடி முருகேசன்மேல் கவிழ்ந்தார். ஓங்கிய கம்பு அவர் தாடையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். வடைத் தட்டால் அவன் முதுகில் நானும் ஒன்று வைத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

தாளாளர் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெல்ல முடியாத மனிதருக்கு ஆப்பிள்! ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் நாங்களே நிறுத்தியிருப்போமே என்று வருத்தப்பட்டார். அவர் போனபிறகு, கம்பி கட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து சார் கேட்டார்:

"அந்த ஒரு நிமிஷம் யாரு மண்டையில டீச்சர்?"

நல்லடக்கத்துக்கு முருகேசன் வந்திருந்தார். தலையில் அந்த அடி விழுந்த பள்ளம் இருக்கிறது, ஒரு காது கேட்காது. சாரின் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது தானாக முன்னே வந்து தோள் கொடுத்தார். பள்ளிவாசல் வரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

போன வாரம் எங்கள் பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில் ஒரு பையன் அட்டைக் கத்தியால் வெட்டுப்பட்டு விழுந்தான். அரங்கமே கைதட்டியது. சாதிக் சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இதுதான்: விழுந்த பிள்ளை எழுந்து சிரிக்கும்வரை என் கைகள் சேரவில்லை.