படுத்திருந்த ஆர் எழுத்து

இறந்தவரைப் பற்றி எழுதுவது சுலபம், அவரா எழுந்து வந்து திருத்தம் சொல்லப் போகிறார் என்று நினைப்பவர்கள் அவருடைய வீட்டாரிடம் மாட்டியதில்லை. பிளானோ நகரத்தில் எனக்கு ஐ.டி. வேலை போன சமயம், டாக்டரான என் கணவருக்கு மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்தது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். அந்த ஊர் வாரப் பத்திரிகையில் மரணச் செய்தி எழுத ஆள் தேடினார்கள், சேர்ந்துவிட்டேன். "நான் ஒரு பேஷண்டைக் கோட்டை விட்டா நீ எழுதுவியா? ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்றார் கணவர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போய் ஜென்மப் பகை சம்பாதித்தவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

மருமகனுக்கு முன்னால் குதிரை

முதலில் எழுதியது வெய்ன் என்ற பண்ணைக்காரரைப் பற்றி. அவர் மனைவி லொரெய்ன் ஆன்ட்டியின் சமையலறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். வெய்ன் விட்டுச்சென்றவர்கள் பட்டியலில் மனைவி, மகள், அடுத்தது டஸ்டி என்றார் ஆன்ட்டி. பேரனா என்று கேட்டேன். குதிரையாம். பனிப்புயலில் வழி தெரியாமல் நின்றவரை வீடு கொண்டுவந்து சேர்த்த குதிரை.

பத்திரிகையில் இடம் குறைவு. ஒரு பெயரை எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆன்ட்டி யோசிக்கவே இல்லை. "மருமகனை எடுத்துடு, ஹனி. அவன் பேப்பர் படிக்கிறதில்ல."

என் கை சும்மா இருக்கவில்லை

இந்த ஊர் மாடுகளின் தோலில், யாருடையது என்று தெரிய, சூட்டுக்குறி இருக்கும். பண்ணைக்காரர் இறந்தால் அவர் குறியை மரணச் செய்தியின் அடியில் அச்சிடுவது வழக்கம். வெய்னின் குறி ஆர் என்ற ஆங்கில எழுத்து. ஆன்ட்டி கொடுத்த தாளில் அது பக்கவாட்டில் படுத்திருந்தது. எனக்குத்தான் சுவரில் படம் சாய்ந்திருந்தால்கூடப் பொறுக்காதே! நிமிர்த்தி நேராக வைத்து அச்சுக்கு அனுப்பினேன்.

பத்திரிகை வெளிவந்த பிறகுதான் தெரிந்தது: படுத்த ஆர் வெய்னுடையது, நிமிர்ந்த ஆர் பக்கத்துப் பண்ணை கிளைடுடையது. இருவருக்கும் நாற்பது வருஷ வேலித் தகராறு. எடிட்டர் டேல் தலையில் கை வைத்துக்கொண்டார். "திருத்தம் போடலாம். ஆனா குறியைத் தப்பாப் போட்டவங்களை நம்பி, இந்த ஊர்ல இன்னொரு சாவைக் கொடுக்க மாட்டாங்க."

தொப்பியைக் கழற்றியவர்

மறுநாள் கிளைடே ஆபீசுக்கு வந்தார். வேலை போயிற்று என்று என் பையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். திருத்தம் எழுதப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் தான் சொல்வதையும் சேர்க்கச் சொன்னார்.

"மேடம், நாற்பது வருஷமா என் மாடுங்க வேலி தாண்டி அவன் பக்கம் போயிருக்கு. குறி போடாத கன்னுக்குட்டிகூடப் போயிருக்கு. அவன் என்னைத் திட்டிக்கிட்டேதான் திருப்பி ஓட்டிட்டு வருவான். ஒண்ணு மேலகூட அவன் குறி விழுந்ததில்ல. அதை எழுதுங்க."

முன்பதிவு

அப்படியே எழுதினேன், படுத்த ஆரைப் படுத்தபடியே போட்டேன். ஆன்ட்டி அதை வெட்டி, டஸ்டியின் லாயத்தில் வெய்னின் தொப்பிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமை ஐ.டி.யில் ஒருநாளும் கிடைத்ததில்லை. அதற்குப் பிறகு ஊரில் எந்தக் குடும்பமும் வேறு ஆளைத் தேடவில்லை.

போன வருஷம் கிளைட் மறுபடியும் வந்தார். கையில் ஒரு தாள், அதில் அவருடைய குறி. "எனக்கும் நீங்கதான் எழுதணும், மேடம். இது நிக்கிற ஆர். படுக்க வெச்சிடாதீங்க."

அப்போதே எழுதி வைத்துவிட்டேன்; அவருடையதைத்தான் நான் எழுதியதிலேயே சிறந்தது என்பேன், ஆனால் என் கணவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்து அதை அச்சேற விடாமல் செய்துகொண்டிருக்கிறார்.