மூன்றாம் ஓலை

ஸ்டெல்லாவின் பெயரைக் கெடுத்த அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான்தான். ஏழு ஆண்டுகளாக எங்கள் மாதா கோயில் பங்கில் யார் யாரையோ சந்தேகிக்கிறார்கள்... நான்தான்!

கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். நான் அவள் வலக் கன்னத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைத்தான் காதல் என்று நினைத்தேன். அவளிடமும் சொன்னேன். நம்பிவிட்டாள்!

எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் ஃபாதரிடம் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது. அந்த வாரம் லஸ் முனையில் அவள் வந்த ஆட்டோ கவிழ்ந்தது. வலக் கன்னத்தில் பதினோரு தையல்.

மந்தைவெளியில் அவள் வீட்டுக்குப் போனேன். பாதி வாயால் சிரித்தாள்.

"இன்னா, வாசல்லயே நின்னுட்டீங்க? அவ்ளோ பயமாவா கீது?"

ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, ஆபீசில் வேலை என்று ஓடிவந்தேன். அன்பு இருந்திருந்தால் அந்தத் தையல் எனக்கல்லவா வலித்திருக்க வேண்டும்? எனக்கு அருவருப்புதான் வந்தது... சீ!

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். தழும்புக்காகப் பெண்ணை விட்டவன் என்ற பேர் வருமே! அவளுக்கு வேறொருவனோடு தொடர்பு என்று, பெயர் போடாமல் ஃபாதருக்கு எழுதினேன்.

மூன்றாம் ஞாயிறு, கட்டோடு வந்திருந்தாள். மற்றவர்கள் பெயரெல்லாம் வாசித்தார்கள். எங்கள் பெயர் இல்லை. பூசை முடிந்ததும், மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது, விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று ஃபாதர் இரு வீட்டாரையும் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள்.

"எவனோ எழுதிட்டான். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க."

எனக்கு ஆறுதல் சொன்னாள்! நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சம்பந்தத்தை முறித்தாள். பாவம் பையன் தப்பித்தான் என்றார்கள் எல்லோரும்.

அவளுக்கு வரும் வரன்கள், பங்கில் விசாரித்ததும் நின்றுவிடுகின்றன. இன்னும் பாடுகிறாள். இப்போது நான் தலை நிமிர்வதில்லை. அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவங்களைச் சொல்லும்போது, ஆண்டுதோறும் "பொய் சொன்னேன் ஃபாதர்" என்பேன். எத்தனை முறை என்பார். ஒருமுறை என்பேன். என்ன பொய் என்று நான் சொன்னதில்லை.

போன ஞாயிறு வாசலில் நிறுத்திக் கேட்டாள்: "அந்த லெட்டர் எழுதுனது யாருன்னு உங்களுக்கு எப்பனா தெரிஞ்சுதா?"

இல்லை என்றேன்.

இந்த ஈஸ்டருக்கு இரண்டு முறை என்று சொல்ல வேண்டும்.