ஜூலை ஒன்றுக்குப் பின் பிறந்தவள்

மன்னாரிலிருந்து படகேறி வந்த தம்பதிக்கு ரெஜினாவும் ஜான்சியும் சென்னையில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். அக்கா 1986 மார்ச்சில், தங்கை 1987 செப்டம்பரில். இருவருமே இலங்கையைப் பார்த்ததில்லை. ஆனாலும் காவல் நிலையப் பதிவில் இருவரும் அகதிகள். ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, வெளியூர் போகவும் அனுமதி கேட்க வேண்டும்.

"குடியுரிமைய ரெண்டு பேரும் சேர்ந்தே கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். தி.நகர் துணிக்கடையில் சேலை விற்கும் ஜான்சிக்குப் பகலில் நேரமில்லை. வக்கீலிடம் போய்வருவது ரெஜினாதான். எப்போது கேட்டாலும், "பேப்பர் ரெடி ஆய்க்கினு கீதுடி" என்பாள். ஞாயிறுதோறும் இருவரும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

ஒரு காலை, திருவான்மியூரில் ஜான்சியின் வீட்டுக்கு ஏட்டு ஒருவர் வந்தார்.

"உங்க அக்கா போட்ட சிட்டிசன்ஷிப் கேஸ்ல விசாரணை. அவங்க இங்கதான் பொறந்தாங்களா?"

"இன்னா கேஸ் சார்?"

"போன வருஷமே போட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

ஜான்சி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டாள். தான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அக்காவின் வழக்கு கெட்டுவிடும் என்று புரிந்தது.

"இங்கதான் சார் பொறந்தா."

அன்று கடைக்குப் போகாமல் பாலவாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனாள். ரெஜினா மறைக்கவில்லை.

"எண்பத்தேழு ஜூலை ஒண்ணுக்கு முன்னாடி இங்க பொறந்திருந்தாதான் பொறப்பால சிட்டிசனாம். உன்னையும் சேர்த்தா என் கேஸும் இழுக்கும்னு வக்கீல் சொன்னாரு."

"சொல்லியிருந்தா நானே உன்னை முன்னாடி அனுப்பியிருப்பேன். போன வாரம் கூட என் பக்கத்துல முட்டி போட்டுக்கினு இருந்தியே. யாருக்காக வேண்டிக்கின?"

ஜான்சி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

தீர்ப்பு அக்காவுக்குச் சாதகமாக வந்தது. ஜான்சி, கருணாகரன் என்ற வேறொரு வக்கீலைத் தேடிப் போனாள்.

"பொறப்பு வழி உங்களுக்கு இல்லம்மா" என்றார் அவர். "இத்தனை வருஷம் இங்கயே வாழ்ந்ததை வெச்சுக் கேக்கலாம். சட்டவிரோதமா வந்தவங்க பிள்ளைன்னு தள்ளுவாங்க. அப்புறம் கோர்ட்டுதான். லேசுல முடியாது."

"போடுங்க சார்."

அவர் சொன்னபடியே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கு மனு தயாரானபோது, "நீங்க இங்கயே பொறந்து வளர்ந்தவங்கன்னு உங்க அக்கா ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தா கேஸுக்குப் பலம்" என்றார் கருணாகரன்.



"அவ இல்லாம எழுதுங்க சார்."

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.