மதிச்சதுக்கு நன்றி

நிறஞ்சலா இப்போதெல்லாம் கோயிலுக்குப் பக்கவாசலால்தான் வருகிறாள். முதல் வாசகம் வாசிக்கிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, கடைசி வரிசை வாங்கில் ஓரமாக இருந்துவிட்டு, பங்குச் சுவாமி ஆசீர் கொடுக்கக் கை தூக்கும்போதே எழும்பிப் போய்விடுவாள். முன்பெல்லாம் முன்வாங்கில் இருந்துகொண்டு பாடகர் குழுவை விடச் சத்தமாகப் பாடியவள் அவள். தலைமன்னார் பியர் என்கிற எங்கள் ஊரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் கட்டாரிலும் அவளைத் தெரிந்தவர்கள் அதைவிடக் கூட. அந்தத் தெரிதல்தான் இப்போது அவளைக் குனிய வைத்திருக்கிறது.

நான் அவளுக்கு அடுத்த வீடு. உயர்தர வகுப்புக்கு வர்த்தகம் படிப்பிக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நிறஞ்சலா பிறந்தது முள்ளிக்குளத்தில். சின்ன வயதிலேயே சண்டையால் ஊரை விட்டு எழும்பி, முகாமில் தகரக் கொட்டிலில் வளர்ந்தவள். நிவாரணச் சாமானுக்கு வரிசையில் நிற்கும்போது வகுப்புப் பிள்ளைகள் யாரும் கண்டுவிடக் கூடாதென்று தாயின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாளாம். "ஆக்கள் என்னைப் பாத்தாலும் வெக்கம் டீச்சர், பாக்காமப் போனாலும் வெக்கம்" என்று ஒருநாள் சொன்னாள். கிறிஸ்ரியைக் கட்டிக்கொண்டு பியருக்கு வந்தாள். கிறிஸ்ரிக்குக் கடல் தொழில். அவனுடைய தாய் மாக்கிறட் அம்மா, வீட்டு வளவில் கருவாடு போடுகிறவர். மருமகளும் மாமியும் சேர்ந்து கட்டா மீனும் சீலா மீனும் கீறி, உப்பிட்டு, பாயில் காயவைத்து விற்றார்கள்.

மன்னார்ச் சந்தைக்குக் கொண்டுபோன கருவாடு விலைப்படாமல் திரும்பிய ஒரு கிழமையில் நிறஞ்சலா போனை வேலியில் சாத்திவைத்து லைவ் போனாள். எந்தச் செயலி என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் போனிலும் இருக்கும். முதலில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் கூடியது. கருவாட்டைப் பார்க்கிறார்களா, மண்ணைப் பார்க்கிறார்களா என்று சொல்ல முடியாது. பார்க்கிறவர்கள் "கிப்ட்" அனுப்புவார்கள். கிப்ட் என்பது வெறும் படம்தான்: ஒரு ரோசாப்பூ, ஒரு மாலை, பெரிதென்றால் திரை முழுக்கப் பூமழை. ஆனால் அனுப்புகிறவர் அதை உண்மைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். அதில் அரைவாசியைச் செயலிக் கம்பனி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நிறஞ்சலாவுக்குக் கொடுக்கும்.

கிப்ட் விழுந்தால் அனுப்பியவரின் பெயர் திரையில் வரும். நிறஞ்சலா அந்தப் பெயரைச் சொல்லி, "மதிச்சதுக்கு நன்றி அண்ணா", "மதிச்சதுக்கு நன்றி அக்கா" என்பாள். அவளுடைய முத்திரை அந்த வார்த்தை. கருவாடு கீறிக்கொண்டே சொல்வாள், சோறு குழைத்துக்கொண்டே சொல்வாள். கண் பெயரைக் கண்டதும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

மாக்கிறட் அம்மா திரையின் ஓரத்தில் வந்துபோனால் பூ கூடுதலாக விழும் என்பதை நிறஞ்சலா கெதியில் பிடித்துக்கொண்டாள். மாமியை முன்னுக்குக் கதிரை போட்டு இருத்தத் தொடங்கினாள்.

"என்னை ஏன் பிள்ளை ஊருலகத்துக்குக் காட்டுறாய்?" என்று கிழவி முறைக்கும்.

"வசந்தமலர் மச்சாள் பாக்கிறா மாமி."

அதைச் சொன்னால் போதும், கிழவி சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருக்கும். வசந்தமலர் அவருடைய ஒரே மகள். கலியாணமாகி பிரான்சுக்குப் போனவள், அகதி வழக்கு முடியாததால் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். இந்த நாட்டை விட்டுப் போன பிறகு தாயை அவள் கண்டதெல்லாம் திரையில்தான்.

அந்தச் செயலிக் கம்பனியை விற்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த நாளில் வேலியடியில் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. கம்பனியின் மதிப்பு என்று போட்டிருந்த தொகையை வாசித்துவிட்டு கிறிஸ்ரி பத்திரிகையை மடித்தான்.

"அவங்களிட்ட வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. மீன் எங்கட, கருவாடு எங்கட, பாக்கிற சனமும் எங்கட. பிறகென்னத்துக்கு இவ்வளவு விலை?"

எனக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடுவேனா. கம்பனி இன்று உழைப்பதை வைத்து யாரும் மதிப்புப் போடுவதில்லை, நாளைக்கு உழைக்கும் என்கிற நம்பிக்கையை வைத்துத்தான் போடுகிறார்கள் என்று தொடங்கினேன். நாளைக்கு இன்னொரு செயலி வந்தால் சனம் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விடும், பிடித்து வைக்கக் கயிறு ஒன்றும் கிடையாது, ஆகவே இது வீங்கின விலை என்று முடித்தேன்.

நிறஞ்சலாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டீச்சர், மச்சாள் வேலைக்குப் போற பஸ்ஸில இருந்து தாய் கருவாடு புரட்டுறதைப் பாத்து அழுறவ. அந்த அழுகைக்கு நீங்கள் என்ன விலை போடுவியள்?"

"அழுகைக்கு விலை போட ஏலாது பிள்ளை. அதைத்தான் நானும் சொல்லுறன்."

"அவங்கள் போட்டிருக்கிறாங்கள்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

மாரி மழை தொடங்கிய கையோடு மாக்கிறட் அம்மா செத்துப்போனார். விடியப்புறம் நெஞ்சு நோகுது என்றவர், வாகனம் வரமுன்பே போய்விட்டார். செய்தி போனதும் வசந்தமலர் போன் எடுத்துக் கதறினாள். வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அழுது ஓய்ந்த பிறகு அவள் நிறஞ்சலாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். பெட்டி மூடேக்க அம்மாட முகத்தை எனக்குக் காட்டு. மூடேக்க நானும் கிட்ட நிண்டனான் எண்டு இருந்தாப் போதும். வட்ஸ்அப்பில எடு."

நிறஞ்சலா வட்ஸ்அப்பில் எடுக்கவில்லை. கோல் வெட்டுப்படும், லைவ் என்றால் விட்டுவிட்டாவது ஓடும் என்றாள். அது பொய்யில்லை, பியரில் சிக்னல் அப்படித்தான். ஆனால் மாமி செத்த செய்தி கேட்டு, எங்களுக்கும் காட்டுங்கோ, கடைசியாக ஒருக்காப் பார்க்க வேணும் என்று லைவில் ஊர்ப்பட்ட பேர் எழுதிக்கொண்டிருந்ததும் பொய்யில்லை. இரண்டில் எது அவளை இழுத்தது என்று நான் கேட்கவில்லை. அவளுடைய முகமே சொல்லியது.

எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் மலர்வளையம் பெரிய காரியம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மன்னார் டவுன் பூக்கடைக்குச் சொல்லி அனுப்புவார்கள். நாடாவில் பெயர் எழுதியிருக்கும். பெட்டிக்கு முன்னால் அடுக்கி வைத்திருப்பதைச் சனம் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகும். யார் வைத்தது, யார் வைக்கவில்லை என்ற கதை அடுத்த பெருநாள் வரைக்கும் ஓடும். அன்று விடாத மழை, கடைக்காரன் கொண்டுவந்தது இரண்டே இரண்டு வளையம். மிச்சப்பேர் போனைப் பார்த்துக்கொண்டு தவித்திருக்க வேண்டும்.

பின்னேரம் சுவாமி வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அதுவரைக்கும் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நெருக்கியடித்து நின்றதில் திரையில் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். செபம் முடிந்ததும் சுவாமி எல்லோரையும் விலகச் சொன்னார்.

"மகள் வெளிநாட்டில இருந்து பாக்கிறா. அவவுக்காக ஒரு நிமிசம் எல்லாரும் சத்தம் போடாம நில்லுங்கோ. பிறகு மூடுவம்."

அழுதுகொண்டிருந்த பெண்களும் வாயைப் பொத்தினார்கள். கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நிறஞ்சலா போனைக் கிட்டக் கொண்டுபோய் மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றேன், திரை எனக்கும் தெரிந்தது.

கட்டாரில் இருந்து ஒரு ரோசாப்பூ விழுந்தது. அனுப்பியது உப்புக்குளத்து இன்ஸாப், கிழவியிடம் கருவாடு வாங்கி வளர்ந்த வீட்டுப் பிள்ளை. "இதுதான் என்ட மலர்வளையம்" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான், மற்றவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. லண்டனில் இருந்து எங்கள் ஊர் ஜெனோஜன் ஒரு மாலை அனுப்பினான். கனடாவில் இருந்து அதைவிடப் பெரிய மாலை வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நாடாவில் பெயர் எழுதி அனுப்ப முடியாதவர்கள் திரையில் பெயர் வர அனுப்பினார்கள். கடைசியில் "லிட்டில் கிங்" என்ற பெயரில் ஒருவர் இருக்கிறதுக்குள் பெரியதை அனுப்பினார். திரை முழுக்கப் பூ கொட்டத் தொடங்கியது. மாமியின் நெற்றி மறைந்தது, கண் மறைந்தது, வாய் மறைந்தது.

அந்த அமைதிக்குள் நிறஞ்சலாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"லிட்டில் கிங் தம்பி, மதிச்சதுக்கு நன்றி."

வீடே திரும்பிப் பார்த்தது. சுவாமி பார்த்தார். கிறிஸ்ரி பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். பெட்டிக்காரருக்கு அந்தக் குரல் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளமாகப் பட்டிருக்கிறது. மூடியைத் தூக்கி இறக்கினார்கள். திரையில் பூ விழுந்து முடிந்தபோது அங்கே முகம் இல்லை, மூடியில் அடித்த சிலுவைதான் இருந்தது. அடக்கி வைத்திருந்த ஒப்பாரி ஒரேயடியாகக் கிளம்பியது.

நிறஞ்சலாவின் வாய் ஒருமுறை திறந்து மூடியதை நான் கண்டேன். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லவில்லை. போனைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு எல்லோருக்கும் கடைசியாக, குடையில்லாமல் நடந்து வந்தாள்.

அடுத்தநாள் வசந்தமலர் அவளிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: "அம்மாவைக் காணேல்ல நிறஞ்சி, பூத்தான் தெரிஞ்சது." ஏச்சு ஒன்றும் இல்லை. ஏசியிருந்தால் நிறஞ்சலா கொஞ்சமாவது நிமிர்ந்திருப்பாள். மிச்ச ஏச்சை ஊர் கொடுத்தது. செத்தவீட்டில் கருவாடு விற்றவள் என்றார்கள். சந்தியில் பெடியன்கள் அவள் போகும்போது "மதிச்சதுக்கு நன்றி" என்று பின்னால் சொன்னார்கள். அவள் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்று விழுந்த பூக்களுக்கு அவளுடைய பங்கு செயலிக்குள் அப்படியே கிடக்கிறது, அவள் தொடவில்லை. கம்பனியின் பங்கு அன்றைக்கே கம்பனிக்குப் போய்விட்டது. வீங்கின விலை என்று வேலியடியில் அடித்துப் பேசியவள் நான். மாக்கிறட் அம்மாவின் பெட்டியும் அந்த விலைக்குள் அடங்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வகுப்பில் இப்போது கம்பனி மதிப்பைப் பற்றிய கேள்வி வந்தால் எனக்கு நாக்குக் கூசுகிறது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சேமக்காலைக்குப் போனோம். சனம் கலைந்த பிறகு நிறஞ்சலா என்னை நிற்கச் சொன்னாள். கிறிஸ்ரியின் போனில், வட்ஸ்அப்பில், வசந்தமலருக்கு எடுத்தாள். காற்றுக்கு மெழுகுதிரி நூர்ந்து நூர்ந்து போனது. நான் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தேன்.

"மச்சாள், உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்குப் பூ முகத்தை மறைச்சதை நான் கண்டனான். பெட்டியை ஒருக்காத் திறங்கோ எண்டு சொல்லியிருக்கலாம், சுவாமி மாட்டன் எண்டிருக்க மாட்டார். எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவை. வெக்கத்தில எனக்கு வாய் வரேல்ல."

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். கோல் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"நிறஞ்சி, அந்த லிட்டில் கிங் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது மச்சாள்."

"அது என்ர மகன்ர போன். அண்டைக்கு நான் அதிலதான் பாத்தனான், திரை பெரிசெண்டு. எல்லாரும் வளையம் வைக்கினம், பெத்த மகள் வைக்காட்டி ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சன். அதில இருந்ததுக்குள்ள பெரிசைப் பாத்து அமத்தினன். அது முகத்தை மூடுமெண்டு எனக்குத் தெரியாது."

நிறஞ்சலா போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"நீ தம்பி எண்டு நன்றி சொன்னாய். நான்தான் எண்டு ஆருக்கும் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. உன்னில பழி கிடக்கட்டும் எண்டு பேசாம இருந்திட்டன். நீ பக்கவாசலால போறியாம், கிறிஸ்ரி சொன்னவன். இனி ஆரும் கேட்டா நான்தான் எண்டு சொல்லு."

"ஓம் மச்சாள்" என்றாள் நிறஞ்சலா. போனை மாமியின் குழி மண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், கை நோகும்வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓம் என்றவள் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. மச்சாளின் வெட்கத்தையும் தன்னுடையதோடு சேர்த்துச் சுமந்துகொண்டு அதே கடைசி வாங்கில் இருக்கிறாள். எனக்கு வாய் நீளம் என்று முதலே சொன்னேன். அவள் பக்கவாசலால் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.