செல்போன் உறைக்குள் ஒரு சீட்டு

என் நண்பன் கலையரசன் ஒரு நாளிதழுக்குத் திருவண்ணாமலையிலிருந்து பதினாறு வருடமாகச் செய்தி அனுப்புகிறான். பகுதிநேர நிருபர். பிழைப்புக்குச் செங்கம் சாலையில் ஜெராக்ஸ் கடை. அவன் ஒரு பக்கம் எழுதினால் அச்சில் நாலு வரி வரும். அதற்காக அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆடியில் நாளிதழ் அலுவலகத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. பௌர்ணமிக் கூட்டத்தில் செல்போன் திருட்டு ஜாஸ்தியாகிவிட்டது, பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். கலையரசன் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போய்ப் பூக்கடை ஜோதியம்மாளைப் பிடித்தான். ஒவ்வொரு போனுக்கும் தனியாகப் பதினைந்து இலக்க எண் உண்டு, அது இருந்தால் தொலைந்த போனைத் தேடலாம் என்று சொல்லி, அவர் போனில் அந்த எண்ணை வரவழைத்தான். போனை ஏந்தி நிற்கவைத்துப் படம் எடுத்தான். கைரேகைப் பூட்டு போடச் சொன்னதற்கு ஜோதியம்மாள் சிரித்துவிட்டார்.

“நாள் பூரா ஈரப் பூவுல கை வெச்சிருக்கேன் சார். எந்த ரேகை அதுக்குத் தெரியும்? பூட்டே வேணாம்னு எடுத்துட்டேன்.”

அதையும் எழுதி அனுப்பினான். வந்ததோ வேறு. ‘திருடனால் இனி ஒன்றும் செய்ய முடியாது!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பிடுங்கிக்கொண்டு ஓடினால் போன் தானே பூட்டிக்கொள்ளுமாம். எந்தப் போனில், முன்கூட்டியே எதை இயக்கி வைத்திருந்தால் என்று ஒரு வார்த்தை இல்லை. ஜோதியம்மாள் படத்துக்குப் பதில் முகமூடி போட்ட ஒரு வெள்ளைக்காரத் திருடன். எங்கள் ஊரில் எவன் முகமூடியோடு கிரிவலம் வருகிறான்? கலையரசன் எழுதியதில் தப்பிப் பிழைத்தது கடைசி வரி மட்டும்: ‘போனின் எண்ணைக் குறித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.’

ஜோதியம்மாள் அதை அப்படியே செய்தார். மகள் எழில் ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தாள். பத்திரமான இடம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான், போனின் பின்னுறை. அவசரத்துக்கு ஐம்பது ரூபாய், சாமி படம், விபூதிப் பொட்டலம் எல்லாம் அங்கேதான் இருக்கும். சீட்டையும் அங்கேயே வைத்தார்.

ஆவணிப் பௌர்ணமி மாலை, ஒருவருக்குப் பூ அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பினால் பலகைமேல் இருந்த போனைக் காணோம். சீட்டும் அதோடு போய்விட்டது. காவல் நிலையத்தில் எண்ணைக் கேட்டார்கள். பழைய போனாக வாங்கியது, பெட்டியும் இல்லை, ரசீதும் இல்லை. மறுநாள் காலை ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றார்.

“பேப்பர்ல போட்டபடிதான சார் பண்ணேன்? போனு போனா போவுது. பொண்ணு போட்டோ பூரா அதுல இருக்குது. பூட்டும் இல்ல. எவன் கையில மாட்டிச்சோ, என்ன பண்ணுவானோ! அது காலேஜுக்கே போவாம உக்காந்திருக்குது.”

கலையரசன் அவரை உள்ளே உட்காரவைத்தான். அச்சில் வராத அந்தப் படம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனில் இடமில்லை என்று எப்போதோ அழித்திருந்தான். கடைக் கணினியில், அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். இருந்தது. பெரிதாக்கினான். மல்லிக் கூடை, ஜோதியம்மாளின் சிரிப்பு, கையில் போன், திரையில் பதினைந்து இலக்கங்களும் பளிச்சென்று. பத்திரிகைக்கு ஆகாத படம் காவல் நிலையத்துக்கு ஆயிற்று.

பதினெட்டாம் நாள் போன் கீழ்பென்னாத்தூரில் கிடைத்தது. விவரம் தெரியாமல் வாங்கிய ஒரு விவசாயியிடம் இருந்தது. திருடியவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விற்றிருந்தான். நிலைய வாசலிலேயே எழில் திறந்து பார்த்தாள். அவள் படம் ஒன்றுகூட இல்லை. அந்த விவசாயியின் கன்றுக்குட்டி மட்டும் இரண்டு படங்களில் நின்றது. ஜோதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அழிக்கறதுக்கு முன்னாடி பாத்திருப்பானா சார்?” என்று எழில் கேட்டாள்.

“தெரியலம்மா,” என்றான் கலையரசன். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எழில் தலையாட்டினாள். அடுத்த நாள் கல்லூரிக்குப் போனாள்.

நடந்ததை எழுதி அனுப்பினான். ‘நமது செய்தி எதிரொலி: செல்போன் மீட்பு’ என்று வந்தது, அதே முகமூடித் திருடனோடு. ‘சீட்டை உறைக்குள் வைக்காதீர்கள்’ என்ற வரியை இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். புரட்டாசிப் பௌர்ணமியன்று கலையரசன் என்னையும் கூட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் கடை கடையாக ஏறி இறங்கி அந்த வரியை வாயாலேயே சொன்னான். பதினோரு உறைகளிலிருந்து சீட்டு வெளியே வந்தது.

கடைசியில் ஜோதியம்மாள் கடை.

“எல்லாருக்கும் சொல்றீங்களே சார், உங்க சீட்டு எங்க?”

கலையரசன் தன் போனின் உறையைக் கழற்றினான். பழைய பேருந்துச் சீட்டுக்கு அடியில் நாலாக மடித்து இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தச் சீட்டை வாங்கி, தன் சுருக்குப் பைக்குள் போட்டு இறுக்கினார்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். தொலைஞ்சா நேரா இங்க வாங்க.”