மரத்துக்குப் போட்ட பெயர்

எனக்குப் பொறுமை கிடையாது. திருவனந்தபுரத்தில் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்றில் படங்களுக்குத் தலைப்பு எழுதுவது என் வேலை. அதற்கென்று தடித்த பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து இம்மி பிசக மாட்டேன். பார்க்கிறவர்களும் தங்கள் சொல்லைப் படத்தோடு சேர்க்கலாம் என்று மேலிடம் திறந்துவிட்டபோது எரிச்சல்தான் வந்தது. ‘சூப்பர்’, ‘அடிபொளி’ என்று வந்து குவிந்த டேக்குகளை வெள்ளிக்கிழமைதோறும் களையெடுத்தேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ‘எங்க அம்மா’ என்றொரு டேக் வந்திருந்தது. இதை வைத்து யார் எதைத் தேடப்போகிறார்கள்? படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தேன்.

திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. “மேடம், எங்க அம்மாவக் காணல.”

தூக்கிவாரிப் போட்டது. பேசியவர் பொன்முடித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்து, இப்போது வித்துராவில் தையல் கடை வைத்திருப்பவர். அம்மா இறந்துவிட்டார், வேறு படமே இல்லை. தான் போட்ட டேக்கை அடித்துத் தேடித் தினமும் படத்தைப் பார்ப்பாராம், போனில் இறக்கி வைக்கத் தோன்றவில்லை. அழித்த டேக் எந்தப் படத்தில் இருந்தது என்பதற்கு எங்களிடமும் பதிவு இல்லை.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். ‘தேயிலை – பெண் தொழிலாளர்’ என்ற தலைப்பைத் திறந்தேன். கூடையும் குனிந்த முதுகுமாகப் படங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

“அம்மா அதில வேலை செய்யல மேடம். கூட்டுக்காரிங்களோட சும்மா இருந்து சிரிக்கிறா. பின்னாடி பெரிய மரம் ஒண்ணு உண்டு.”

‘மரங்கள் – சில்வர் ஓக்’ என்ற தலைப்பைத் திறந்தேன். மூன்றாவது படத்தில், மரத்தடியில் ஆறு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு என் பட்டியலில் தலைப்பு இல்லை. அதனால் மரத்தை மட்டும் எழுதியிருந்தேன்.

ஓரத்தில் இருந்தவர்மேல் வைத்த விரலை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“டேக்கை அழிச்சது நான்தான்” என்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் திரையிலிருந்த என் தலைப்பை மெல்லப் படித்தார். “மரத்துக்குப் பேரு போட்டிருக்கு, இல்லே?” கோபமே இல்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருக்கலாம்.

கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். என் தலைப்புக்குக் கீழே ‘எங்க அம்மா’ என்று அடித்தார். அதோடு நிறுத்தவில்லை. மற்ற ஐந்து பேரின் பெயரையும் அடித்து முடித்த பிறகுதான் பஸ்ஸுக்கு எழுந்தார்.